ரிப்போர்ட்டில் "ஹெர்-2: 2+" என்று ஒரு வரி, அப்பாவுக்கு இரைப்பை வாய்ப் புற்று. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க

செங்காட்டான் | ஞாயிறு, இரவு 10.50

வணக்கமுங்க. தென்னை வேர்வாடலுக்கும் போர்வெல் மோட்டாருக்கும்தான் இதுவரை இந்தப் பக்கம் வந்திருக்கிறேன். இதைப் பற்றி எழுத வேண்டி வரும் என்று நினைக்கவே இல்லை.

அப்பாவுக்கு 61 வயது. காங்கேயத்திலிருந்து வெள்ளகோவில் போகிற வழியில் தேங்காய்க் களம் வைத்திருக்கிறோம். ஆவணியிலிருந்தே "சோறு நெஞ்சிலயே நிக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். களி இறங்கும், சோறு இறங்காது, ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர். மெடிக்கலில் கேஸ் மாத்திரை வாங்கிக் கொடுத்தே மூன்று மாதம் ஓட்டிவிட்டோம், அதை நினைத்தால் இப்போது தூக்கம் வருவதில்லை. கார்த்திகையில் கொப்பரை எடை போடுகிற தராசில் சும்மா ஏறி நின்றார், 9 கிலோ குறைவு. அன்றைக்கே திருப்பூர் கூட்டிப் போய் எண்டோஸ்கோபி பார்த்தோம். உணவுக்குழாய் முடிந்து இரைப்பை தொடங்குகிற இடத்தில் கட்டி. பயாப்ஸியில் அடினோகார்சினோமா, அதாவது சுரப்பிச் செல்களில் தொடங்குகிற புற்று என்று வந்தது, சிடி ஸ்கேனில் ஈரலில் இரண்டு புள்ளி. ஆபரேஷன் இப்போது இல்லை, வருகிற திங்கள் கீமோ ஆரம்பிக்கலாம் என்று சீட்டு எழுதிவிட்டார்கள்.

ரிப்போர்ட் கடைசிப் பக்கத்தில் "ஹெர்-2: 2+, ஈக்விவோக்கல்" என்று ஒரு வரி இருக்கிறது. அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கத் தெரியாமல் வந்துவிட்டேன். இதற்கு நடுவில் பெரிய மாமன் போன் செய்து, அவர் சம்பந்திக்கும் இதே இரைப்பைப் புற்றுதான், கீமோவே இல்லாமல் ஊசி மட்டும் போட்டு நன்றாக நடமாடுகிறார், நீங்கள் ஏன் கீமோ என்று அலைகிறீர்கள் என்கிறார். ஒரே நோய்க்கு ஒருத்தருக்கு ஒரு வைத்தியம், இன்னொருத்தருக்கு வேறு வைத்தியமா? தெரிந்தவர்கள் சொல்லுங்க.


ஸ்லைடுக்காரி | ஞாயிறு, இரவு 11.35

தம்பி, முதலில் அந்த 2+ வரியை அப்படியே விட்டுவிடாதீர்கள். நான் கோவையில் ஒரு பேத்தாலஜி லேபில் டெக்னீசியன், பதினான்கு வருடம் ஆகிறது. டாக்டர் இல்லை, அதனால் மருந்து பற்றிப் பேச மாட்டேன். அந்த வரி எப்படி வருகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

எண்டோஸ்கோபியில் கிள்ளி எடுக்கிற துண்டு அரிசிக் குருணை அளவுதான் இருக்கும். அது ஃபார்மலினில் ஊறி எங்களிடம் வரும். நீரை உறிஞ்சி எடுத்து, உருக்கிய பாரஃபின் மெழுகில் பதித்து ஆற வைப்போம். தீப்பெட்டியை விடச் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் சட்டம், அதன் மேல் வெள்ளை மெழுகு, மெழுகுக்குள் மங்கலாக அந்தக் குருணை. இதைத்தான் பிளாக் என்கிறோம். அதை மைக்ரோடோமில் சீவினால் வெங்காயத் தோலை விட மெல்லியதாக நாடா போல வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்க விட்டு, ஸ்லைடால் ஏந்தி எடுப்போம். ஹெர்-2 என்பது செல்லை வளரத் தூண்டுகிற ஒரு புரதம். அந்த ஏட்டின் மேல் அதைப் பிடிக்கிற ஆன்டிபாடியை ஊற்றினால், புரதம் இருக்கிற செல்லின் ஓரம் பழுப்பாகும். பழுப்பே இல்லை, அல்லது லேசாக இருக்கிறது என்றால் 0 அல்லது 1+, இல்லை என்று அர்த்தம். பளிச்சென்று கோடு போட்ட மாதிரி இருந்தால் 3+, இருக்கிறது என்று அர்த்தம். 2+ என்றால் எங்களால் சொல்ல முடியவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். அதே பிளாக்கில் ஃபிஷ் என்று ஒரு பரிசோதனை செய்ய வேண்டும். அதில் ஹெர்-2 ஜீன் சிவப்புப் புள்ளியாகவும், அந்த ஜீன் உட்கார்ந்திருக்கிற 17ஆம் குரோமோசோம் பச்சைப் புள்ளியாகவும் தெரியும். பச்சையைப் போல இரண்டு மடங்கோ அதற்கு மேலோ சிவப்பு இருந்தால் பாசிட்டிவ்.

இன்னொன்று. மார்பகப் புற்றில் பழுப்பு செல்லைச் சுற்றி முழு வட்டமாக வரும். இரைப்பையில் பெரும்பாலும் மேல் பக்கம் திறந்த லாடம் போலத்தான் வரும். மார்பகக் கண்ணோடு பார்த்தால் குறைவாகப் போட்டுவிடுவோம், அதனால்தான் இரைப்பைக்குத் தனி அளவுகோலே இருக்கிறது. அது போக, இந்தக் கட்டியில் ஒரு மூலையில் ஹெர்-2 இருக்கும், அடுத்த மூலையில் இருக்காது. ஒரே துண்டு கிள்ளி அனுப்பினால் எந்த மூலை மாட்டும் என்று யாருக்குத் தெரியும்? ஆறிலிருந்து எட்டுத் துண்டு எடுக்கச் சொல்வது அதற்குத்தான். உங்கள் ரிப்போர்ட் முதல் பக்கத்தில் எத்தனை துண்டு வந்தது என்று எழுதியிருக்கும், பாருங்கள்.


ஊத்துக்குளி வெண்ணெய் | திங்கள், காலை 6.10

உங்கள் மாமன் சொன்ன சம்பந்தி கதை நிஜமாகத்தான் இருக்கும், ஆனால் அது உங்கள் அப்பாவின் கதை இல்லை. என் மச்சானுக்கு 70 வயது, கோபி. இரைப்பையின் கீழ்ப்பகுதியில் கட்டி. மூன்று கீமோ போட்டும் ஸ்கேனில் ஒரு மாற்றமும் இல்லை. அப்புறம்தான் ஒரு டாக்டர் பழைய பிளாக்கை வாங்கி எம்எம்ஆர் என்று ஒரு சோதனை செய்ய வைத்தார். எம்எல்எச்1 என்ற புரதம் இல்லை என்று வந்தது. அதைத்தான் எம்எஸ்ஐ-ஹை என்கிறார்கள்.

டாக்டர் எங்களுக்குச் சொன்ன விளக்கம் இது. செல் பிரியும்போது டிஎன்ஏவை நகல் எடுக்கிறது, நகலில் எழுத்துப்பிழை வந்தால் திருத்த ஒரு ஆள் இருக்கிறார். மச்சான் கட்டியில் அந்தத் திருத்துகிற ஆள் இல்லை, பிழை மேல் பிழை சேர்ந்து செல்லே அந்நியம் மாதிரி ஆகிவிட்டது. உடம்பின் எதிர்ப்புச் சக்திக்கு அது கண்ணில் படுகிறது, ஆனால் கட்டி பிரேக்கை மிதித்து வைத்திருக்கிறது. பெம்ப்ரோலிசுமாப் ஊசி அந்தப் பிரேக்கை எடுத்துவிடுகிறது. 2017 மே மாதம் அமெரிக்காவில் இந்த மருந்துக்கு அனுமதி கொடுத்தபோது எந்த உறுப்பு என்றே பார்க்கவில்லையாம், கட்டியில் இந்தக் கோளாறு இருந்தால் போதும் என்றார்களாம். மச்சான் இப்போது தோட்டத்துக்குப் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறார்.

ஆனால் எல்லா இரைப்பைப் புற்றும் இப்படி இருப்பதில்லை. பரவிய நிலையில் இந்த வகை கொஞ்சம் பேருக்குத்தான் என்று எங்கள் டாக்டரே சொன்னார். மச்சானுக்குக் கேட்டது என்பதற்காக உங்கள் அப்பாவின் கீமோவை நிறுத்திவிடாதீர்கள். சோதனை செய்துவிட்டு முடிவு பண்ணுங்கள்.


சாயக்காரன் | திங்கள், காலை 7.25

நான் திருப்பூரில் டையிங் மாஸ்டர். மருத்துவம் தெரியாது, ஆனால் படித்ததும் எங்கள் பட்டறைதான் நினைவுக்கு வந்தது. பார்த்தால் எல்லாம் வெள்ளை பனியன் துணிதான். காட்டனுக்குப் போடுகிற ரியாக்டிவ் சாயத்தை பாலியஸ்டரில் போட்டால் எவ்வளவு நேரம் ஓட்டினாலும் தண்ணீரோடு போய்விடும், துணி வெள்ளையாகவே நிற்கும். சாயத்தின் மேல் குற்றமா, துணியின் மேல் குற்றமா? அதனால் லாட் வந்ததும் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுவோம். காகிதம் எரிகிற வாசனை வந்து சாம்பல் ஆனால் காட்டன், உருகி மணி போலத் திரண்டால் பாலியஸ்டர். இந்த ஹெர்-2 சோதனையும் நூலைக் கொளுத்திப் பார்ப்பதுதான் போலிருக்கிறது. சரிதானா?


ஸ்லைடுக்காரி | திங்கள், காலை 7.50

சரியாகப் பிடித்தீர்கள். ஆனால் எங்கள் துணியில் ஒரே லாட்டிலேயே பாதி காட்டன் பாதி பாலியஸ்டர் இருக்கும்.


கணக்கு பாக்கி | திங்கள், காலை 9.05

எல்லோரும் பூசி மெழுகுகிறீர்கள், நான் நேராகவே கேட்கிறேன். ஃபிஷ் ஒரு பில், எம்எம்ஆர் ஒரு பில், வெண்ணெய் அண்ணன் சொன்ன அந்தப் பிரேக்கைப் பார்க்கிற பிடி-எல்1 ஒரு பில், எதுவும் வரவில்லை என்றால் ஜீன் சீக்வென்சிங் என்று பெரிய பில். என் சித்தப்பாவுக்கு இப்படி எல்லாம் எடுத்துக் கடைசியில் அதே கீமோதான் போட்டார்கள். அது போக, ஹெர்-2வைக் குறிவைக்கிற டிராஸ்டுசுமாப் ஊசி போட்டால் எவ்வளவு நாள் கூடுகிறது என்று நானே தேடிப் படித்தேன். 2010இல் வந்த டோகா ஆய்வில் வெறும் கீமோவுக்கு 11.1 மாதம், ஊசியோடு சேர்த்தால் 13.8 மாதம். இரண்டே முக்கால் மாதம். இதற்கு ஒரு குடும்பம் தோட்டத்தை அடமானம் வைக்க வேண்டுமா?


மேற்கால வீதி டாக்டர் | திங்கள், மதியம் 2.15

கணக்கு பாக்கி கேட்டதில் பாதி நியாயம், அதனால் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். நான் புற்றுநோய் மருத்துவம் பார்ப்பவன். இங்கே யாருக்கும் வைத்தியம் சொல்ல மாட்டேன், பொதுவாகத்தான் சொல்கிறேன்.

13.8, 11.1 இரண்டும் சரியான எண்கள். ஆனால் அவை மீடியன். நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கிறவர் எத்தனை மாதம் இருந்தார் என்பதுதான் அது. வரிசையின் கடைசியில் வருடக்கணக்கில் இருந்தவர்கள் அந்த எண்ணுக்குள் தெரிய மாட்டார்கள். அதே ஆய்வில் ஹெர்-2 பலமாக இருந்தவர்களை, அதாவது 3+ உள்ளவர்களையும் 2+ ஆக இருந்து ஃபிஷ் பாசிட்டிவ் ஆனவர்களையும் மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் 16 மாதம், 11.8 மாதம் என்று இடைவெளி கூடுகிறது. பழுப்பு சரியாக விழாதவர்களுக்குப் பலன் மங்குகிறது. ஆக இந்த ஊசிக்கே அந்தச் சோதனைதான் உயிர். சோதிக்காமல் எல்லோருக்கும் போட்டிருந்தால் இது உதவாத மருந்து என்று மூட்டை கட்டியிருப்பார்கள். சாயக்காரன் சொன்ன கதைதான்.

இது எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். 2014இல் அமெரிக்காவின் டிசிஜிஏ என்ற புற்று ஜீன் ஆராய்ச்சிக் குழு 295 இரைப்பைக் கட்டிகளின் ஜீன்களைப் பிரித்துப் பார்த்து நான்கு வகையாக வகுத்தது. ஏறத்தாழ 9 சதவீதத்தில் எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ் கட்டிக்குள்ளேயே குடியிருந்தது. 22 சதவீதம் வெண்ணெய் அண்ணன் சொன்ன எழுத்துப்பிழை வகை. 20 சதவீதத்தில் குரோமோசோம்கள் பெரிதாகக் கலையவில்லை, ஆனால் செல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாமல் இரைப்பைச் சுவர் முழுக்க மணல் போலச் சிதறியிருந்தன. மீதி ஏறக்குறைய பாதியில் குரோமோசோம்கள் தாறுமாறாக உடைந்து, சில ஜீன்கள் பல நகலாகப் பெருகியிருந்தன. ஹெர்-2 பெருகுவது பெரும்பாலும் இந்தக் கடைசி வகையில்தான். இரைப்பை வாய்க் கட்டிகளில் அதிகம் காண்பதும் இந்த வகையைத்தான், அதனால் செங்காட்டான் அப்பாவுக்கு ஃபிஷ் பார்ப்பது வெறும் சடங்கு இல்லை.

2017இல் அதே குழு உணவுக்குழாயைப் பார்த்தது. எனக்கு அதுதான் பெரிய ஆச்சரியம். உணவுக்குழாயின் அடியில் வருகிற அடினோகார்சினோமா, ஜீன் அளவில் அந்தக் கடைசி வகை இரைப்பைப் புற்றைப் போலவே இருந்தது. அதே குழாயில் மேலே, உள் தோலின் தட்டைச் செல்களில் வருகிற ஸ்குவாமஸ் புற்றோ அதற்குச் சம்பந்தமே இல்லாமல், தலை-கழுத்துப் புற்றுகளுக்கு நெருங்கிய உறவாக நின்றது. ஒரே குழாய்க்குள் இரண்டு நோய். நம் ஊரில் வெற்றிலை, புகையிலை, சாராயத்தோடு வருவது பெரும்பாலும் மேலே இருக்கிற அந்த ஸ்குவாமஸ்.

பணம் பற்றி. டிராஸ்டுசுமாப் இப்போது அந்தப் பழைய விலை இல்லை. 2014 முதல் இந்தியாவிலேயே பயோசிமிலர்கள், அதாவது அதற்கு ஒப்பாக மற்ற கம்பெனிகள் செய்கிற மருந்துகள், விற்பனைக்கு வந்து விலை இறங்கிவிட்டது. எல்லாச் சோதனையும் எல்லோருக்கும் தேவையில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். முதல் நாளே ஹெர்-2, எம்எம்ஆர், பிடி-எல்1 இந்த மூன்றும், கிடைக்கிற இடத்தில் கிளாடின் 18.2 என்ற இன்னொரு புரதம். இவையெல்லாம் ஒரே பிளாக்கில் ஆன்டிபாடி ஊற்றிப் பார்ப்பவை. பெரிய சீக்வென்சிங்கை அப்புறம் யோசிக்கலாம். உங்கள் சித்தப்பாவுக்கு எல்லாம் எடுத்தும் கீமோதான் என்றானதில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் சோதனையில் ஒன்றும் வராமல் போவதும் ஒரு விடைதான், அது தெரியாமல் யாரோ சொன்ன ஊசிக்குத் தோட்டத்தை விற்காமல் இருந்தீர்கள் இல்லையா?


கணக்கு பாக்கி | திங்கள், மாலை 4.00

மீடியன் விஷயம் நான் அப்படி யோசிக்கவில்லை, சரி. ஆனால் பில்லைப் பற்றி நான் சொன்னதை வாபஸ் வாங்க மாட்டேன்.


முள்சீத்தா | திங்கள், மாலை 6.40

கீமோ எல்லாம் விஷம். முள்சீத்தாப் பழமும் மஞ்சளும் 48 நாள் கொடுங்கள், கட்டி கரைந்துவிடும். எனக்குத் தெரிந்த பல பேருக்குச் சரியாகியிருக்கிறது.


அமுச்சி பேத்தி | திங்கள், மாலை 7.05

மஞ்சள் விளைகிற ஈரோட்டுக்காரி சொல்கிறேன், மஞ்சளைக் குழம்பில் போடுங்கள். என் அம்மாவுக்கு இதையேதான் ஒருவர் சொல்லி இரண்டு மாதம் வீணாகப் போயிற்று.

அம்மாவுக்கு டாக்டர் சொன்ன அந்த இன்னொரு நோய்தான், ஸ்குவாமஸ், உணவுக்குழாயின் நடுவில். முப்பது வருடம் புகையிலையோடு வெற்றிலை போட்டவர். கிராஸ் என்கிற முறையில் 23 நாள் கதிர்வீச்சு, கூடவே வாரம் ஒரு கீமோ, அப்புறம் ஆபரேஷன். நெதர்லாந்துக்காரர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வு, ஆபரேஷன் மட்டும் செய்தவர்கள் 24 மாதம், இதைச் சேர்த்துச் செய்தவர்கள் 49 மாதம் என்று டாக்டர் பேப்பரில் எழுதிக் காட்டினார். ஸ்குவாமஸ் ஆட்களில் பாதிப் பேருக்கு ஆபரேஷனில் எடுத்த குழாயில் ஒரு புற்றுச் செல்கூட மிச்சம் இல்லையாம், அடினோவில் நாலில் ஒருவருக்குத்தான் அப்படியாம்.

அந்த நாட்களில் வாயால் ஒன்றும் இறங்காது. வயிற்றில் எஃப்ஜே ட்யூப், நேராகச் சிறுகுடலுக்குக் கஞ்சி விடுகிற குழாய், போட்டிருந்தார்கள். ராகிக் கஞ்சியை வேட்டித் துணியில் இரண்டு முறை வடிகட்டி, 50 மில்லி சிரிஞ்சில் மெதுவாக விட வேண்டும். ஒரு நாள் அவசரத்தில் ஒரு முறைதான் வடிகட்டினேன், ட்யூப் அடைத்துக்கொண்டது. ராத்திரி பதினொரு மணிக்கு வெதுவெதுப்பான தண்ணீரை விட்டு இழுத்து, விட்டு இழுத்து, ஒரு மணி நேரம். அம்மா "கண்ணு, விடு, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்கிறார், எனக்குக் கை நடுங்குகிறது. யாருக்காவது ட்யூப் போட்டிருந்தால், ஒவ்வொரு முறை கஞ்சி விட்ட பிறகும் வெறும் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், இதை யாரும் எங்களுக்கு அழுத்திச் சொல்லவில்லை.

ஆபரேஷனில் எடுத்ததில் அம்மாவுக்குக் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு வருடம் நிவோலுமாப், அந்தப் பிரேக்கை எடுக்கிற இன்னொரு ஊசி, போட்டால் நோய் திரும்பாமல் இருக்கிற காலம் 11 மாதத்திலிருந்து 22 மாதமாகிறது என்று சொன்னார்கள். எங்களால் ஆறு மாதம்தான் முடிந்தது. இப்போது மூன்றாவது வருடம், சந்தகை பிழிந்து தேங்காய்ப்பால் விட்டுக் கொடுத்தால் அரைக் கிண்ணம் சாப்பிடுகிறார்.

டாக்டர், ஒரு சந்தேகம். அம்மாவுக்குச் செய்த இதே கிராஸ் முறையை இவர் அப்பா மாதிரி ஆட்களுக்கும் செய்வார்களா?


மேற்கால வீதி டாக்டர் | திங்கள், இரவு 9.30

இவர் அப்பாவுக்கு ஈரலில் போய்விட்டது, அதனால் அந்தக் கேள்வி வராது. பரவாத அடினோகார்சினோமாவுக்குக் கேட்டால், அதுவே இப்போது மாறிவிட்டது. ஜெர்மனியில் நடந்த எசோபெக் ஆய்வில் உணவுக்குழாய் அடினோ ஆட்களுக்குக் கிராஸையும், ஃப்ளாட் என்கிற நான்கு மருந்துக் கீமோவையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தார்கள். ஃப்ளாட் 66 மாதம், கிராஸ் 37 மாதம். அம்மாவுக்கு அவ்வளவு நன்றாகக் கேட்ட கதிர்வீச்சு, அதே குழாயின் அடியில் இருக்கிற இன்னொரு நோய்க்கு இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது. பத்து வருடத்துக்கு முன்னால் நாங்களே இரண்டையும் "உணவுக்குழாய்ப் புற்று" என்று ஒரே ஃபைலில் போட்டு ஒரே வைத்தியம் பார்த்தோம். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

செங்காட்டான், ஃபிஷ் ரிசல்ட்டுக்காகக் கீமோவை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. முதல் தவணையை ஆரம்பித்துவிட்டு, பாசிட்டிவ் என்றால் அடுத்த தவணையில் ஊசியைச் சேர்க்கிறவர்கள் உண்டு. உங்கள் டாக்டரிடம் இதைக் கேளுங்கள். கூடவே எக்கோ என்கிற இதய ஸ்கேனும் எடுக்கச் சொல்லுங்கள், அந்த ஊசி சிலருக்கு இதயத்தின் பம்ப் வேகத்தைக் குறைக்கும்.


பாரியூரான் | செவ்வாய், காலை 8.20

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் அப்பாரு, அத்தை இருவருமே இரைப்பைப் புற்றில் போனவர்கள், அத்தைக்கு 43 வயதுதான். நான் கட்டியிருப்பது மாமன் மகளை. சொந்தத்தில் கட்டியதால் பிள்ளைகளுக்கு வருமா?


மேற்கால வீதி டாக்டர் | செவ்வாய், மதியம் 1.40

மாமன் மகளைக் கட்டியதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை. இரண்டு பக்கமும் ஒரே பழுது சேர்ந்தால் வருகிற நோய்களுக்குத்தான் சொந்தத் திருமணம் பிரச்சினை. பரம்பரை இரைப்பைப் புற்றில் முக்கியமானது சிடிஎச்1 ஜீன், அதற்கு ஒரு பக்கத்துப் பழுதே போதும், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. 1998இல் நியூசிலாந்தின் மாவோரிக் குடும்பம் ஒன்றில் தலைமுறை தலைமுறையாக இளவயதில் சாவதைத் தேடிப் போனவர்கள்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். அந்த ஜீன் செய்கிற புரதம்தான் செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைக்கிறது. அது போனால் நான் முன்னே சொன்ன மணல் போலச் சிதறுகிற வகை வரும், அது எண்டோஸ்கோபிக்கும் சீக்கிரம் கண்ணில் படாது. ஜீன் இருப்பது உறுதியானவர்கள் புற்று வருமுன்பே இரைப்பையை முழுக்க எடுத்துவிடுவதும் உண்டு. அந்தக் குடும்பத்துப் பெண்களுக்கு ஒரு வகை மார்பகப் புற்றும் வரலாம். ஆனால் வீட்டில் இரண்டு பேருக்கு வந்தாலே பரம்பரை என்று ஆகாது, இரைப்பைப் புற்றுக்கு ஒரு காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிகூட ஒரே வீட்டில் பல பேருக்கு இருக்கும். அத்தையின் பழைய பயாப்ஸி ரிப்போர்ட் இருந்தால் "டிஃப்யூஸ்" அல்லது "சிக்னெட் ரிங்" என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், அந்தச் சிதறுகிற வகையைத்தான் அப்படி எழுதுவார்கள். இருந்தால் ஒரு ஜெனெடிக் கவுன்சிலரைப் பார்ப்பது நல்லது.


செங்காட்டான் | பன்னிரண்டு நாள் கழித்து, வெள்ளி இரவு

எல்லோருக்கும் நன்றி, பதில் போடாததற்கு மன்னிச்சுக்குங்க. நடந்ததைச் சொல்கிறேன்.

பிளாக் வாங்கப் போனேன். கவுண்டரில் இருந்தவர் அப்படியெல்லாம் கொடுக்க மாட்டோம் என்றார், ரிப்போர்ட் போதுமே என்றார். அது எங்கள் அப்பாவின் சதைங்க என்றேன், கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல, உள்ளே இருந்து ஒரு அம்மா வந்து கடிதம் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுத்துவிட்டார். ஸ்லைடுக்காரி அக்கா சொன்ன மாதிரியே இத்துணூண்டு மெழுகு, அதற்குள் நான்கு குருணை. சட்டைப் பையில் வைத்துக் கோவை பஸ்ஸில் உட்கார்ந்தேன், சூலூர் தாண்டுகிற வரைக்கும் பையின் மேல் வைத்த கையை எடுக்கவே இல்லை.

எட்டாவது நாள் ரிசல்ட் வந்தது. ஃபிஷ் பாசிட்டிவ். எம்எம்ஆர் புரதங்கள் நான்கும் இருக்கிறது, ஆக வெண்ணெய் அண்ணன் மச்சானின் வகை இல்லை. பிடி-எல்1 ஸ்கோர் 3. எக்கோ 60 சதவீதம், நன்றாக இருக்கிறதாம். முதல் கீமோ அந்தத் திங்களே ஆரம்பித்துவிட்டது, அடுத்த தவணையில் டிராஸ்டுசுமாப் சேர்க்கிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துப் போய்க் கவுண்டரில் உட்கார்ந்து, குடும்பத்துக்கு வருடம் 5 லட்சத்தில் எதெல்லாம் வரும் என்று வரிவரியாகக் கேட்டு எழுதிக்கொண்டேன். கணக்கு பாக்கி அண்ணன் நினைவுதான் வந்தது.

ஒரு கூத்து. கீமோ முடிந்த மறுநாள் அப்பா பிரிட்ஜைத் திறந்து சில்வர் சொம்பை எடுத்தவர் "ஐயோ, கரண்ட்டு" என்று கீழே போட்டுவிட்டார். பிரிட்ஜில் எர்த் அடிக்கிறது என்று எலக்ட்ரீசியனையே கூப்பிட்டுவிட்டோம். அப்புறம்தான் தெரிந்தது, கீமோவில் ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்து போட்டால் சில்லென்று எதைத் தொட்டாலும் ஊசி குத்துகிற மாதிரி இருக்குமாம், சில்லென்று குடித்தால் தொண்டையும் அடைக்கிற மாதிரி இருக்குமாம். எலக்ட்ரீசியனுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினோம்.

கேள்வி இரண்டு. பிடி-எல்1 ஸ்கோர் 3 என்பதால் பெம்ப்ரோலிசுமாபும் சேர்த்தால் நல்லது, ஆனால் செலவு ஆகும் என்கிறார் டாக்டர். அடுத்தது, இந்த ஊசி கேட்காமல் போனால் என்ன செய்வது?


மேற்கால வீதி டாக்டர் | சனி, காலை 11.20

உங்கள் டாக்டர் சரியாகத்தான் சொல்கிறார். கீநோட்-811 என்ற ஆய்வில், ஹெர்-2 பாசிட்டிவ் ஆகி பிடி-எல்1 ஸ்கோர் 1 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களுக்கு அதைச் சேர்த்தபோது 15.7 மாதம் 20.1 ஆனது. ஸ்கோர் 1க்குக் கீழே இருந்தவர்களுக்குப் பலன் தெரியவில்லை, அதனால் அமெரிக்காவிலேயே 2023இல் அவர்களை அனுமதியிலிருந்து எடுத்துவிட்டார்கள். மருந்துக்குப் பலன் உண்டு, செலவும் உண்டு. டிராஸ்டுசுமாபை விடாமல் போடுவது முதல் வேலை. இரண்டாவதற்காகக் களத்தை விற்கிற நிலை என்றால், அதை மறைக்காமல் உங்கள் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், நாங்களாகக் கேட்கத் தயங்குவோம்.

கேட்காமல் போனால் என்ற கேள்விக்கு. டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டிகான் என்று ஒன்று இருக்கிறது. அதே ஆன்டிபாடி, அதன் முதுகில் கீமோ மருந்தைக் கட்டி அனுப்புகிறார்கள், அது ஹெர்-2 இருக்கிற செல்லைத் தேடிப் போய் உள்ளே மூட்டையை அவிழ்க்கும். அடுத்த கட்டத்தில் வழக்கமான மருந்தோடு ஒப்பிட்டபோது 11.4 மாதம் 14.7 ஆனது. விலை அதிகம், 2024 ஜூலை பட்ஜெட்டில் இதற்குச் சுங்க வரியை எடுத்தும் அதிகம்தான். போடும்போது வறட்டு இருமல், மூச்சு வாங்கல் வந்தால் அன்றைக்கே ஓடி வர வேண்டும், நுரையீரலைத் தாக்கும்.

அதற்கு முன்னால் மறக்கக் கூடாத ஒன்று. டிராஸ்டுசுமாப் போட்டு வந்தவர்களில் ஒரு பகுதிக்கு, நோய் மறுபடி வளரும்போது ஹெர்-2வே காணாமல் போயிருக்கும். ஹெர்-2 இருந்த செல்கள் செத்து, இல்லாதவை மிஞ்சி வளர்ந்திருக்கும். அதனால் அப்போது புதிதாக ஒரு பயாப்ஸி எடுத்துத் திரும்பப் பார்க்க வேண்டும், பழைய ரிப்போர்ட்டை நம்பக் கூடாது.


கணக்கு பாக்கி | சனி, மதியம் 12.10

டாக்டர், ஹெர்-2வும் இல்லை, எம்எஸ்ஐயும் இல்லை என்றால்? என் சித்தப்பா மாதிரி ஆட்களுக்கு?


மேற்கால வீதி டாக்டர் | சனி, மதியம் 12.45

பிடி-எல்1 ஸ்கோர் 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் கீமோவோடு நிவோலுமாப் சேர்த்து 11.1 மாதம் 14.4 ஆனது. கிளாடின் 18.2 என்ற புரதம் இருந்தால், அது ஹெர்-2 இல்லாதவர்களில் ஏறக்குறைய 38 சதவீதம் பேருக்கு இருக்கிறது, சோல்பெடுக்சிமாப் என்ற மருந்து இருக்கிறது, ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 2024இல் அனுமதி கிடைத்தது. அந்தப் புரதம் நல்ல இரைப்பையிலும் இருப்பதால் வாந்தி கடுமையாக வரும். இதில் எதுவும் இல்லை என்றால் கீமோதான். உங்கள் சித்தப்பாவுக்கு அன்றைக்குக் கொடுத்தது தப்பான வைத்தியம் இல்லை.


கணக்கு பாக்கி | சனி, மதியம் 12.50

சரிங்க.


செங்காட்டான் | மூன்று மாதம் கழித்து

முதல் ஸ்கேன் பார்த்தாச்சு. ஈரலில் ஒரு புள்ளி இல்லை, இன்னொன்று பாதியாகியிருக்கிறது. கட்டியும் சுருங்கியிருக்கிறது. நேற்று மத்தியானம் அரிசிம்பருப்புச் சோறு, நெய் விட்டு, தண்ணீர் குடிக்காமலேயே சாப்பிட்டார். அம்மா அடுக்களைக்குள் போய் அழுதுவிட்டு வந்தார். பெம்ப்ரோலிசுமாப் சேர்க்கவில்லை, அப்பாவே வேண்டாம் என்றுவிட்டார், அதற்கு மேல் நாங்கள் பேசவில்லை.

ஸ்லைடுக்காரி அக்கா, லேபில் பிளாக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அம்மா அதைச் சாமி அறையில் விளக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். பரவாயில்லையா?


ஸ்லைடுக்காரி | அன்றே, பத்து நிமிடம் கழித்து

ஐயோ, விளக்குப் பக்கத்தில் வேண்டாம் தம்பி! அது மெழுகு, அறுபது டிகிரிக்குள் உருகிவிடும். பங்குனி வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியிலும் வேண்டாம், கார் டேஷ்போர்டிலும் வேண்டாம். டப்பாவில் போட்டு, மேலே அப்பா பெயரும் பயாப்ஸி நம்பரும் எழுதி, வீட்டில் குளிர்ச்சியான இடம் எதுவோ அங்கே வையுங்கள். பிரிட்ஜ்கூட அவசியமில்லை.


செங்காட்டான் | அன்றே, இரவு

பீரோவில் அம்மாவின் கூறைப் பட்டுக்கு அடியில் வைத்தாச்சுங்க. சாவி அப்பாவிடம்தான் இருக்கிறது.